கால் வலிக்குது, மெதுவாத்தான் வருவேன்

என் தம்பிக்குக் கடலோரத்தில் ஒரு வீடு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பத்து நாள் அது அவனுடையது. மற்ற நாளெல்லாம் என்னுடைய தொல்லை. சாவி என்னிடம், தண்ணீர் மோட்டார் என் பொறுப்பு, கூரை ஒழுகினால் என் பாடு. வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி முடித்ததும், "அக்கா, நீ பக்கத்துலதான இருக்க" என்று என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். பக்கம் என்றால் பஸ்ஸில் இரண்டே கால் மணி நேரம். வெளிநாட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே பக்கம்தான்.

முதல் வருஷம் அவன் நிம்மதியாகத்தான் இருந்தான். பிறகு அதே தெருவின் கடைசி வீட்டு விஷயம் அவன் காதுக்குப் போனது. அதுவும் இப்படி விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுதான். யாரோ ஒரு குடும்பம் பூட்டை உடைத்து உள்ளே போய், பால் வாங்கி, பேப்பர் போடச் சொல்லி, மின் இணைப்பையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு சாவகாசமாகக் குடியிருந்திருக்கிறது. வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியபோது, "யாருங்க, யாரு வேணும்?" என்று அவரையே கேட்டார்களாம். வழக்கு நாலு வருஷமாக இழுக்கிறது. வீட்டுக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊருக்கு வந்து ஓட்டலில் தங்குகிறார்.

அன்றிலிருந்து தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் போன். அவன் தூக்கம் போனதால் என் தூக்கமும் போனது. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் போனை வாங்கி, "மாப்ள, அந்த வீட்டை எங்கிட்ட விடு" என்றார்.

அவர் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எதையாவது பிரித்துப் போடாவிட்டால் கை அரிக்கும் மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டை உள்ளும் புறமுமாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு முன் கதவில் தம்பி தொங்கவிட்டிருந்த பெரிய பூட்டைக் கழற்றி என் பையில் போட்டார்.

"இவ்ளோ பெரிய பூட்டைத் தொங்கவிட்டா, உள்ள ஒருத்தரும் இல்லன்னு போர்டு வச்ச மாதிரி. உள்பூட்டு போதும். வீடு காலியா இல்லைங்கறதுதான் பூட்டு."

அவருக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு எப்போதும் கிடக்க வேண்டும், அதில் ஒன்று ஆம்பளைச் செருப்பு, கொஞ்சம் தேய்ந்தது. விளக்குக்கு டைமர் வைத்தார். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது. ஒரு நாள் ஆறு இருபது, மறுநாள் ஆறு முப்பத்தஞ்சு. "மனுஷன் சோம்பேறி, ஒரே நேரத்துல எந்திரிச்சு லைட் போட மாட்டான்" என்பார். மத்தியானம் ஒரு மணி நேரம் ரேடியோ பாடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர் வீடு உட்பட ஒருவரிடமும் வீடு காலி என்று மூச்சு விடக் கூடாது. கேட்டால், வீட்டுக்காரர் மூட்டுவலிக்காரர், கடல் காற்று நல்லது என்று இங்கேயே இருக்கிறார், மனைவிக்கு டவுனில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவாள். இதுதான் கதை. பாதி நிஜம்தான். அவருக்கு மூட்டுவலி இருந்தது, எனக்கு வேலை இருந்தது.

அவருடைய பெருமையெல்லாம் அந்த அழைப்பு மணியில். பட்டனை அழுத்தினால் மணி அடிக்காது. உள்ளேயிருந்து அவர் பேசுவார்.

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தார். ஸ்பீக்கரைக் கதவருகில் வைக்காமல் சமையலறை ஓரமாக வைத்தார். பக்கத்தில் வைத்தால் டப்பா பேசுவது போல இருக்கும், தள்ளி வைத்தால்தான் ஆள் பேசுவது போல இருக்கும் என்றார். நாய் குரைக்கிற மாதிரியும் ஒன்று முயன்றார். அது நாய்க்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருந்ததால் அழித்துவிட்டார். கடைசியில் மூன்று நின்றன.

முதல் தடவை அழுத்தினால்: "யாரது? இருங்க, வர்றேன்."

இரண்டாவது தடவை: "வர்றேன்னு சொன்னேன்ல? கால் வலிக்குது, மெதுவாத்தான் வருவேன்."

மூன்றாவது தடவை அவர் என்னைக் கூப்பிடுவார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க ஊர்க்காரர்கள் கையில் ஊசி குத்துகிறவள். அதனால் அவருக்கு நான் ஊசி. "ஏய் ஊசி! யாருன்னு பாரு!" என்று ஒரு கத்துக் கத்துவார். அதற்கு நான், "இதோ பாக்கறேங்க" என்று சொல்ல வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஏன், எனக்கு வேற வேலை இல்ல?" என்று எரிந்து விழுந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போட்டுக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதான் குடும்பம் நடத்துற வீடு. திருடன் இதைக் கேட்டா பரிதாபப்பட்டே போயிடுவான்" என்று அப்படியே வைத்துவிட்டார். அஞ்சு நிமிஷம் யாரும் அழுத்தாவிட்டால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"மூணு தடவைக்கு மேல எவன் அடிப்பான்?" என்றார்.

அது நடந்து ஏழு மாதத்தில் அவர் செத்துப்போனார். ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில், பற்றவைக்கும் கம்பி சூடாகிக்கொண்டிருக்கும்போதே. பக்கத்துக் கடைக்காரர்தான் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தாராம். எனக்குப் போன் வந்தபோது எதிரில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. குப்பியில் பெயர், வயது, நேரம் எல்லாம் எழுதி ஒட்டினேன். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பிறகுதான் மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். அவருக்கு என்னிடமிருந்து விஷயத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் போன் வந்திருந்தது.

அதற்குப் பிறகும் அப்படித்தான். என் கொழுந்தன் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டான். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அழவும் இல்லை. அழுத்தக்காரி என்று சிலர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்க மருந்து போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் போல இருக்குமே, அப்படி இருந்தது. மருந்து இறங்கும், இறங்கும் என்று பார்த்தேன். பதினோரு மாதம் இறங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் சொல்லிவிட்டுப் போன வேலை, நடக்க வேண்டும், அவ்வளவுதான். செருப்பை இடம் மாற்றினேன், டைமரைத் திருப்பினேன், தரையைத் துடைத்தேன். கொண்டுபோன டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மணியை ஒருமுறை அழுத்துவேன். "யாரது? இருங்க, வர்றேன்" என்பார். சரி, வேலை செய்கிறது என்று பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். எதுவும் தோன்றாது. தோன்றவில்லை என்பதுதான் அவ்வப்போது பயமாக இருந்தது.

எதிர் வீட்டில் ஒரு தையல்காரம்மா. எனக்கு அக்கா வயசு இருக்கும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் நாய் கொட்டாவி விட்டால்கூட அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் காலை இழுத்து இழுத்து வாசலில் நடமாடியதையெல்லாம் பார்த்தவர். அவர் செத்த பிறகு நான் வந்த முதல் ஞாயிறு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "சார் எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

"இருக்கார்க்கா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வீடு காலி என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதைத்தான் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. டவுனில், சொந்தக்காரர் வீடுகளில், கடைத்தெருவில், எல்லா இடத்திலும் அவர் செத்துவிட்டார். இந்த ஒரு தெருவில் மட்டும் சாகவில்லை. இங்கே அவருக்கு மூட்டுவலிதான். இந்தத் தெருவையாவது அப்படியே விட்டுவைப்போம் என்று நினைத்தேன்.

தையல்காரம்மாவும் சும்மா இருக்கவில்லை. கம்பளித் துணியில் முட்டிக்கு உறை தைத்துக் கதவிலிருக்கும் தபால் துவாரம் வழியாகப் போட்டிருந்தார். மணியை அழுத்துவார், "இருங்க, வர்றேன்" என்று சத்தம் வரும், "நீங்க எந்திரிக்காதீங்க சார், உள்ள போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதை அவரே என்னிடம் சொன்னார். சில நாள் மணியைக்கூட அழுத்தாமல் கதவுக்கு வெளியே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாராம். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தப் பேசறது? பையன் போன் பண்ணல, கண்ணு மங்குது, இதான். சார் பதில் சொல்ல மாட்டார். ஆனா கேப்பார்னு தெரியும். எங்க வீட்டுல ஆம்பளக் குரல் கேட்டு பதினாறு வருஷம் ஆச்சும்மா. எதிர்ல ஒருத்தர் இருக்கார்னா ஒரு தைரியம்."

நான் தலையாட்டினேன். அந்த முட்டி உறையை வீட்டுக்கு எடுத்துப் போய் என் வீட்டுக்காரர் சட்டைகளோடு வைத்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து கெடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தெருவுக்குள் நுழையும்போதே தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தார். முகமே சரியில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்கள் மாதிரி வாளியும் கையுமாக வந்தார்களாம். மணியை அடித்திருக்கிறார்கள். ஒருமுறை, இரண்டுமுறை இல்லை, ஒன்பது தடவை. அவர் எண்ணியிருக்கிறார். பிறகு ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போயிருக்கிறார்கள். இவர் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவந்து போட்ட கூச்சலில் பின் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள். பின் கதவைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கதவின் பூட்டு நெளிந்திருந்தது, திறக்கவில்லை.

"அவனுங்க ஓடினதும் நான் மணி அடிச்சேன். 'யாரது? இருங்க, வர்றேன்'னார். உசுரே வந்துச்சு. அரை மணி நேரம் நின்னேன்மா. வரவே இல்ல."

"கால் வலிதான்க்கா..."

"கால் வலி இல்லம்மா." கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவனுங்க ஒம்போது தடவ அடிச்சானுங்களா? சார் ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்ப சொல்றார். யாரது, இருங்க வர்றேன். கால் வலிக்குது. ஏய் ஊசி. மறுபடி யாரது, இருங்க வர்றேன். மூணு சுத்து. மாத்தி ஒரு வார்த்த இல்ல. சாருக்கு மறதி வந்துடுச்சும்மா. எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருப்பார். "ஆமாக்கா, கொஞ்சம் மறதிதான்" என்றேன்.

அவ்வளவுதான், தையல்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சேவா தனியா விட்டுட்டுப் போற? ஞாயித்துக்கிழமை வந்து எதையோ ஆக்கி வச்சிட்டுப் போறது, அதை அந்த மனுஷன் ஒரு வாரம் திங்கறது. வாசல்ல செருப்பு நீ வச்ச எடத்த விட்டு நகர்றதில்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். புருஷனா, இல்ல வீட்டுக்குக் காவலா?"

"அக்கா, அப்படி இல்ல..."

"எப்படி இல்ல? அன்னிக்கு அவனுங்க உள்ள போயிருந்தா? ஊசி, ஊசின்னு உன்னத்தான கூப்புட்டார்? நீ எங்க இருந்த?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு மாதத்தில் என்னை ஒருவரும் திட்டவில்லை. பாவம், பாவம் என்றே தள்ளிப் போனார்கள். இந்த அம்மா மட்டும்தான் என் புருஷனுக்காக என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சார நான் கண்ணால பாக்கணும்" என்றார் முடிவாக. "இல்லன்னா நேரா போலீசுதான். வயசான மனுஷனப் பூட்டி வச்சிருக்காங்கன்னு எழுதிக் குடுத்துடுவேன். நான் சொன்னா செய்வேன்."

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். கேட்டதும் ஆடிப்போய்விட்டான். பூட்டுக்காக ஆடியது பாதி, போலீசுக்காக ஆடியது மீதி.

"மாமா பண்ணின செட்டப் எல்லாம் இனி வேலைக்கு ஆகாதுக்கா. கண்டுபுடிச்சிட்டானுங்கல்ல? சிரிச்சானுங்களாமே. கேமரா, அலாரம், எல்லாம் போடச் சொல்லிடறேன். அடுத்த ஞாயிறு ஆள் வருவார். அந்த பெல்லக் கழட்டிடச் சொல்றேன்."

"அந்த அக்காகிட்ட என்ன சொல்றது?"

"எங்கிட்ட வந்துட்டார்னு சொல்லு. வைத்தியத்துக்கு அனுப்பி வச்சிட்டேன், தம்பி வீட்டுல நல்லா இருக்கார்னு சொல்லு. கேமரா போட்டாலும் வீடு காலின்னு தெரியக் கூடாதுக்கா. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. மாமா திரும்பி வருவார், வந்துகிட்டே இருக்கார், அப்படியே ஓட்டு."

நல்ல யோசனைதான். அந்தத் தெருவில் அவர் சாக வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பார், அவ்வளவுதான். பெல்லைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பான். அந்தக் குரலைப் போனில் பிடித்து வைத்துக்கொள் என்பான். போனில் பிடித்தால் அது என் கைப்பைக்குள் பேசும். இங்கே அவர் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், எந்திரிக்கத்தான் நேரமாகிறது. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? சரி என்று போனை வைத்தேன்.

வாரம் முழுக்க வேலை செய்துகொண்டே அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டே மனசுக்குள், வைத்தியத்துக்கு அனுப்பி வச்சிருக்கேன்க்கா. பஞ்சை அழுத்திக்கொண்டே, தம்பி வீட்டுல நல்லா இருக்கார்க்கா. சனிக்கிழமைக்குள் தடங்கலில்லாமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அலாரம்காரர் வந்தார். வழுக்கைத் தலை, பெரிய தோள்பை, வாயில் ஓயாத பாட்டு. ஏணியைச் சாத்தி முன்பக்கம் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டிருந்தார். கதவில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வைத்திருந்தார், இந்த வீடு கண்காணிப்பில் இருக்கிறது என்று. அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கூடத் துணைக்கு மூலை வீட்டு ரிடயர்டு டிரைவர். சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார் என்று பார்த்ததும் புரிந்தது. கையில் ஒரு துணிப்பை. சாருக்கு என்று எதையோ தைத்துக்கொண்டு வந்திருந்தார். சண்டைக்கு வரும்போதும் வெறுங்கையோடு வரவில்லை.

"எங்கம்மா சார்?"

"அக்கா, அவர வைத்தியத்துக்கு அனுப்பி வச்சிருக்கேன். என் தம்பிகிட்ட. வெளிநாட்டுல." நன்றாகத்தான் வந்தது. "புதன்கிழமை கிளம்பினார். அங்க நல்லா..."

ஏணியிலிருந்து இறங்கிய அலாரம்காரர், "மேடம், இந்த பெல்லுதான் கழட்டணுமா?" என்று கேட்டுக்கொண்டே அதை அழுத்திப் பார்த்தார்.

"யாரது? இருங்க, வர்றேன்."

தையல்காரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். டிரைவர் தொண்டையைக் கனைத்தார். அலாரம்காரர், "ஐயையோ, சார் உள்ள இருக்காரா? சாரி சார்!" என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ளதான இருக்கார்?" என்றார் தையல்காரம்மா. "எதுக்கும்மா பொய் சொல்ற? என்ன பண்ணின அவர?"

நான் பதில் சொல்வதற்குள் படியேறிப் போய்ப் பட்டனை அழுத்தினார்.

"வர்றேன்னு சொன்னேன்ல? கால் வலிக்குது, மெதுவாத்தான் வருவேன்."

"மெதுவாவே வாங்க சார், நாங்க நிக்கறோம்" என்றார் தையல்காரம்மா, கதவில் கையை வைத்துக்கொண்டு.

நாலு பேரும் நின்றோம். கதவையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் காத்திருந்தேன். காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் சமையலறைப் பக்கமிருந்து இப்போது கேட்கும், தாழ்ப்பாளை எடுக்கும்போது ஒரு அலுப்புச் சத்தம் போடுவாரே, அது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே அசைவே இல்லை.

தையல்காரம்மா மறுபடி அழுத்தினார்.

"ஏய் ஊசி! யாருன்னு பாரு!"

பின்னாலேயே ஒரு பெண் குரல், எரிச்சலோடு, "ஏன், எனக்கு வேற வேலை இல்ல?"

தையல்காரம்மா திரும்பினார். என் வாயைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அதுவரை இந்தக் கடைசி வரியை அவர் கேட்டதில்லை. தெருவைத் தாண்டி அவர் குரல்தான் கேட்கும், என் குரல் கேட்காது. கை பட்டனிலிருந்து கீழே இறங்கியது.

"இது உன் குரல்."

"ஆமாக்கா."

"அப்ப உள்ள யாரு?"

"யாரும் இல்லக்கா."

"சார்?"

தம்பி கொடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழைய பதிவுக்கா, அவர் அங்க நல்லா இருக்கார். சொல்லியிருக்கலாம். வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம், தெருவையும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டு நான் எரிந்து விழுந்ததை இப்போதுதான் நானே வெளியில் நின்று கேட்டிருந்தேன். பஸ்ஸுக்கு என்ன அவ்வளவு அவசரம் எனக்கு? அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில் வந்திருக்குமே.

"செத்துட்டார்க்கா" என்றேன். "என் வீட்டுக்காரர் செத்துட்டார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். என் குரலில் கேட்டேன்.

தையல்காரம்மா எப்போது என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. "சாரா?" என்றார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ஐயோ, சாரா? எப்படிம்மா? போன வாரம்கூடப் பேசினேனே" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அவருக்கு அது பதினோரு மாதத்துக்கு முன் நடந்த சாவு இல்லை. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்தப் படியில் நடந்தது.

எல்லோரும் தெரிந்துகொண்டு வந்து அழுததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்லி ஒருத்தர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. டிரைவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார் என்று ஞாபகம். என் கைக்குக் கிடைத்தது அந்தத் தேய்ந்த ஆம்பளைச் செருப்புதான், அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வலித்தது. நெஞ்சு, தொண்டை, பல் எல்லாம் வலித்தது. எறும்பு கடித்த மாதிரி இல்லவே இல்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அலாரம்காரர் பாட்டை நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு ஓரமாக நின்றிருந்தார். "மேடம், இதைக் கழட்டவா, வேண்டாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். பையிலிருந்து அவர் தைத்துக்கொண்டு வந்ததை எடுத்து என் மடியில் வைத்தார். காலுக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை.

"கழட்டிடுங்க" என்றேன்.

நாலு திருகாணி. கழற்றி, ஒயரைச் சுருட்டி, சமையலறையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியோடு என் கையில் கொடுத்தார். தலையணையின் மேல் வைத்துக்கொண்டேன். கதவில் அது இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருந்தது. அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டினார்.

பஸ் ஏறும்போது தம்பி போன் செய்தான். அங்கே அவன் இப்போதுதான் எழுந்திருக்கிறான் போல, குரல் கட்டியிருந்தது.

"கேமரா வேலை முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியையும் தலையணையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நம்பிட்டாங்கடா" என்றேன். "நானும் நம்பிட்டேன்."